கஷ்டம் தெரியணும்

திண்டுக்கல் பக்கம் ஒரு காலத்தில் அவர் வருவதைப் பார்த்ததும் ஏழைகள் சிரிப்பதை நிறுத்திக்கொள்வார்கள். அப்படிப் பழக்கிவைத்திருந்தார்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். தெரியாதவர்கள் தேடிப் போய் அவர் எடுத்த படங்களைப் பார்ப்பார்கள். இரண்டும் வேண்டாம். நாங்கள் எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிட்டோம். வகுப்பும் எடுக்காத, ஆபீசுக்கும் போகாத ஒருவரை எதற்கு சார் என்கிறோம் என்று யாரும் யோசிக்கவில்லை. கழுத்தில் இரண்டு கேமரா தொங்கினால் போதும் போலிருக்கிறது.

டவுனில் ஸ்டுடியோ வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பம். சர்ச்சில் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்குகிற அன்று அவருடைய அப்பா எடுத்த புதுநன்மைப் படங்களும் கல்யாணப் படங்களும் எங்கள் உறவுக்காரர்கள் வீட்டுச் சுவர்களில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தன. என் படமும் உண்டு: வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி. அந்தப் பெரியவர் படம் எடுக்கும் முன் நாம் தலைவாரிக்கொள்ளச் சீப்பு கொடுப்பார், முகத்துக்குப் பவுடர் போடச் சொல்வார். மகனுக்கு அந்தத் தொழில் கேவலமாகப் பட்டது. ஸ்டுடியோவைத் தம்பி தலையில் கட்டிவிட்டு, வடக்கே எங்கேயோ நடந்த பத்து நாள் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்து, இனிமேல் மக்களைத்தான் படம் எடுப்பேன் என்று அறிவித்தார். அப்பா எடுத்ததெல்லாம் ஆடுமாடுகளையா என்று அந்தத் தம்பி ஒருநாள் என்னிடம் கேட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. அப்போது நான் சாரின் கட்சி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வத்தலக்குண்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு கிராமத்தில் நான் தொடக்கப் பள்ளி டீச்சர். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் காலனிப் பிள்ளைகள். சார் ஒரு டிரஸ்ட் ஆரம்பித்துவிட்டு, சமூக நீதி, அன்றாட வாழ்க்கை, மக்கள் பார்வை என்று பேசிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சுற்றினார். எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு முன்னால் போய்க் கதவைத் தட்டுகிற ஒரு ஆள் வேண்டியிருந்தது. எங்கள் காலனியில் அந்த ஆள் நான். பள்ளிக்கூடம் விட்டதும் அவரைக் கூட்டிக்கொண்டு போவேன். சனி, ஞாயிறுகளில் பக்கத்து ஊர்களுக்கும் போனேன். ஒரு படம் நூறு மனுவுக்குச் சமம் என்று அவர் சொன்னதை என் நோட்டில் எழுதிவைத்திருந்தேன். அவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

அவர் படம் எடுக்கிற விதம் ஒன்றுதான். கேமராவைக் கண்ணில் வைப்பார். சற்று நேரம் பார்ப்பார். பிறகு இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பி, "கஷ்டம் தெரியலையே டீச்சர்" என்பார்.

கஷ்டம் தெரிவதற்கு வேண்டிய ஏற்பாடுகளை அவரே செய்வார். டியூப்லைட்டை அணைக்கச் சொல்வார். சுவரில் காலண்டர் இருந்தால் கழற்றிவைப்பார். பிளாஸ்டிக் நாற்காலி வெளியே போகும். காலில் செருப்பு இருக்கக் கூடாது. குழந்தைக்குச் சட்டை போட்டிருந்தால் அது அதிகப்படி. ஒருவேளை அந்த வீட்டில் யாராவது நன்றாக இருக்கிறேன் சார் என்று சொல்லிவிட்டால் அவருக்கு முகமே விழுந்துவிடும். ஏமாற்றப்பட்டவர் மாதிரி ஃபிலிம் சுருளை எண்ணிப் பார்ப்பார்.

சேவுகம்பட்டிப் பக்கம் களையெடுப்புக்குப் போகிற ஒரு பெண்ணைப் படமெடுக்கப் போனோம். முந்தின நாளே சொல்லியிருந்ததால் அவள் வேலைக்குப் போகாமல், குளித்து, மஞ்சள் பூசி, பெட்டியிலிருந்த நீலப் புடவையைக் கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். சார் கேமராவைக் கண்ணில்கூட வைக்கவில்லை. காட்டு வேலைக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்றார். நான் அவளிடம் சொன்னேன்.

"ஆயுசுக்கும் நிக்கிற படம் டீச்சர். அதுல போயி கிழிசலோடயா நிப்பாக?" என்றாள்.

ஆனாலும் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். பூவையும் எடுத்துவிட்டாள். அது அவர் கேட்காதது, அவளாகவே புரிந்துகொண்டது. டிரஸ்டின் அடுத்த வருடக் காலண்டரில் ஏப்ரல் மாதத்துக்கு அவள்தான். ஒரு பிரதி வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டிருந்தாள். நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

காலனியில் அவர் ஒரு வாய்த் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. சொம்பை நீட்டினால் இப்பதான் குடிச்சேன் என்பார். காப்பி என்றால் வயிற்றில் புண் என்பார். காலனி ஆட்கள் வயிற்றுப் புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை நல்லது என்று பறித்து என்னிடம் கொடுத்தனுப்புவார்கள். அதை அவர் ஸ்கூட்டர் பெட்டியில் வாங்கிவைத்துக்கொள்வார். பிறகொரு முறை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களை எடுக்கப் போனோம். வேலை முடிந்ததும் அவருக்குப் பழக்கமான ஒரு பெரிய தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்தோம். "ஏனுங்க சார், இன்னொரு டம்ளர் குடிங்க" என்று அந்தம்மா சொல்லச் சொல்ல மூன்று டம்ளர் காப்பி குடித்தார். ஒட்டன்சத்திரத்துக் காற்றுக்கு வயிற்றுப் புண் உடனே ஆறிவிடும் போலிருக்கிறது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, அவர் சாதி பார்க்கிறவர் இல்லை, அவருக்கு உண்மையிலேயே அன்றைக்கு வயிறு சரியாக இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருடம் டிரஸ்டுக்கு வெளிநாட்டிலிருந்து சின்னக் கேமராக்கள் பத்து வந்தன. காலனிப் பெண்களுக்குக் கொடுத்து ஒரு மாதம் அவர்கள் இஷ்டத்துக்குப் படம் எடுக்கவிட வேண்டும். அவர்கள் வாழ்க்கையை அவர்களே காட்ட வேண்டும் என்பது திட்டம். நல்ல திட்டம், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. பெண்கள் முதல் வாரம் கேமராவைப் பானைக்குள் ஒளித்துவைத்தார்கள். இரண்டாவது வாரம் வெளியே எடுத்தார்கள். அதற்குப் பிறகு காலனியில் ஒரு கோழிகூட நிம்மதியாக நடக்க முடியவில்லை.

சுருள்களைக் கழுவி அச்சிட்டு வந்தபோது நான் பள்ளிக்கூட பெஞ்சில் எல்லாவற்றையும் பரப்பிப் பார்த்தேன். புது எவர்சில்வர் ஸ்டாண்டு. குட்டி போட்ட ஆடு. வாடகை சைக்கிளில் ஏறி நின்று போஸ் கொடுக்கிற கொழுந்தன். மத்தியானம் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற புருஷன், நாலு கோணத்தில். தோளில் கைபோட்டுக்கொண்டு பெண்கள், பெண்கள், சிரிக்கிற பெண்கள். ராக்கம்மா, எங்கள் பள்ளியில் சத்துணவு ஆயா, அவள் எடுத்திருந்தது முழுக்க அவள் அப்பாவை: சவரம் செய்துகொள்ளும்போது, பீடி பற்றவைக்கும்போது, கேமராவைப் பார்த்துத் திட்டும்போது. அந்தத் திட்டுகிற படத்தில் கிழவர் அவ்வளவு அழகாக இருந்தார்.

சார் சீட்டுக்கட்டு மாதிரி அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இதில் என்ன இருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இவர்களுக்கு இவர்கள் வாழ்க்கையே தெரியவில்லை என்றார். மதுரையில் கண்காட்சி நடந்தபோது 'அவர்கள் கண்ணில்' என்று தலைப்பு வைத்திருந்தார்கள். சுவரில் முப்பது படம். நான் ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். முப்பதும் அவர் எடுத்தவை. கீழே பெண்களின் பெயர்கள் மட்டும் இருந்தன. ராக்கம்மா பெயருக்கு மேலே இருட்டில் உட்கார்ந்திருக்கிற, சட்டை போடாத ஒரு குழந்தை. அவளுக்குக் குழந்தையே கிடையாது.

அவரை விட்டு அன்றைக்கே விலகியிருக்க வேண்டும். விலகாததற்கு ஒரு காரணம் இருந்தது, சுடுகாட்டுப் பாதை.

காலனிக்குச் சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம். முன்பு ஒரு தென்னந்தோப்பு வழியாக வண்டிப்பாதை இருந்தது. தோப்புக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். மழையில்லாத மாதங்களில் ஓடை காய்ந்து கிடக்கும், பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் யாராவது செத்தால் இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தாலுகா ஆபீசுக்கு நானே எழுதிக் கொடுத்த மனுக்கள் ஏழோ எட்டோ. ஒரு அதிகாரியும் வந்து பார்க்கவில்லை. சாரிடம் சொன்னேன். அவர் கண் பளிச்சென்றானது. இதுதான் டீச்சர் படம் என்றார்.

அந்த மழைக்காலம் முழுக்க அவர் காத்திருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் காலனியில் யாருக்காவது உடம்பு முடியாமல் இருக்கிறதா என்று விசாரிப்பார். யாராவது தவறினால் அந்த நிமிடமே போன் செய்யச் சொல்லியிருந்தார். மழை நின்றுவிடுமோ என்று வானத்தைப் பார்த்துக் கவலைப்பட்டார். நல்ல மழை பெய்ய வேண்டும் என்று அவர் சொன்னபோது, பக்கத்திலிருந்த விவசாயி ஒருவர், படம் எடுக்கிறவருக்கும் நம் கஷ்டம் தெரிகிறதே என்று சந்தோஷப்பட்டார்.

கார்த்திகையில் ராக்கம்மாவின் அப்பா இறந்தார். நெஞ்சுச் சளி. காலையில் செய்தி வந்தது. பிள்ளைகளுக்கு லீவு விட்டுவிட்டு, எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்து போய் சாருக்குப் போன் செய்தேன். இதோ வாரேன் என்றார். பிறகுதான் துக்க வீட்டுக்குப் போனேன். எந்த வரிசையில் போனேன் என்பதை நான் மறக்கவில்லை.

வரவேண்டிய நேரத்துக்கு அவர் வரவில்லை. மழை மறுபடி பிடிக்கும் போலிருந்ததால் மூன்று மணிக்குத் தூக்கிவிட்டார்கள். பெண்கள் ஓடைக்கரையோடு நின்றுகொண்டோம். ஆண்கள் இறங்கினார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் இழுத்துக்கொண்டு ஓடியது. முன்னால் ராக்கம்மாவின் அண்ணன். அடி எடுத்து அடி வைத்து, ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டு, எதுவும் ஆகாமல் அக்கரை ஏறிவிட்டார்கள். ராக்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்பாடா என்றாள்.

அப்போது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

சார் சேற்றில் இறங்கி ஓடிவந்தார். அக்கரையைப் பார்த்தார். பாடையைப் பார்த்தார். துக்கம் விசாரிக்கவில்லை, தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் மிகவும் பறிகொடுத்த மாதிரி நின்றது அவர்தான்.

"டீச்சர், ஒரு தடவை திரும்பி வரச் சொல்லுங்க. இந்தப் படம் இல்லன்னா பாதையும் இல்ல" என்றார்.

நான் ராக்கம்மாவிடம் போய்ச் சொன்னேன். பாதைக்காக என்றுதான் சொன்னேன். பக்கத்திலிருந்த அவளுடைய சித்தி, போன பொணம் திரும்பக் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள். ராக்கம்மா என் முகத்தைப் பார்த்தாள். சாரைப் பார்க்கவில்லை. பிறகு கரையின் நுனிக்குப் போய், கையைக் குவித்துக் கத்தினாள்.

"அண்ணே, அப்பாவ ஒருக்கா இங்கிட்டுக் கொண்டாண்ணே."

அக்கரையில் பாடை திரும்பவில்லை. அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தூக்கினார்கள்.

சார் கரையிலிருந்த ஒரு பாறைமேல் ஏறி நின்றுகொண்டார். இக்கரைக்கு வந்து சேர்ந்ததும், கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு இறக்கினார். முன்னால் நிற்கிறவரின் கையில் வாட்ச் இருக்கிறது, கழற்றச் சொல்லுங்கள் என்றார். நான் ராக்கம்மாவின் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். தோளில் தகப்பன் பாடை. அவரால் கழற்ற முடியவில்லை. நான்தான் கழற்றினேன். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. பையில் போட்டுக்கொண்டேன். மறுபடி இறங்கினார்கள்.

மூன்றாவது தடவை கடக்கிற கால்கள் தளர்ந்திருந்தன. நடு ஓடையில் பின்னால் இருந்தவர் சறுக்கினார். பாடை சாய்ந்தது. கிழவரின் ஒரு கை துணிக்கு வெளியே வந்து தண்ணீரில் பட்டது. அண்ணன் வாயைத் திறந்து பிடி பிடி என்று அலறினார். இக்கரையில் பெண்கள் அலறினார்கள். பாறைமேல் கேமரா விடாமல் சத்தம் போட்டது.

"கிடைச்சிருச்சு" என்றார் சார்.

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் முழுப் பக்கத்துக்கு வந்தது. சாய்ந்த பாடை, தொங்குகிற கை, வாயைப் பிளந்து அழுகிற மகன். அவர் அழவில்லை, பிடி என்று கத்துகிறார் என்பது அன்றைக்கு அந்தக் கரையில் நின்றவர்களுக்கு மட்டும் தெரியும். கலெக்டரே நேரில் வந்தார். ஒன்றரை வருடத்தில் பாதையும் ஒரு சின்னப் பாலமும் வந்தன. இதை நான் மறைக்க மாட்டேன். ஏழெட்டு மனு செய்யாததை அந்தப் படம் செய்தது. அதனாலேயே அவரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. வெறும் அயோக்கியராக இருந்திருந்தால் சுலபமாக மறந்திருப்பேன்.

நாலு மாதத்தில் ராக்கம்மாவின் அம்மாவும் போய்விட்டாள். திரும்பிவந்த பொணம் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று காலனியில் பேச ஆரம்பித்தார்கள். திருப்பித் தூக்கிவந்த மகனைக் கிணற்றடியில், டீக்கடையில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவர் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகிற லாரியில் கிளீனராகப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். தங்கை வீட்டு நல்லது கெட்டதுக்கும் வரவில்லை. இது எதுவும் சாருக்குத் தெரியாது. நான் ஒரு முறை சொன்னேன். அப்படியா, அதையும் ஒரு தொடராக எடுக்கலாமே என்றார்.

அந்தப் படத்தை வைத்து அவர் பத்து வருடம் வாழ்ந்தார். கல்லூரிகளில் பேசும்போது, இடுப்பளவு தண்ணீரில் அந்த மக்களோடு நானும் நின்றேன் என்பார். அன்று அவர் பேன்ட்டின் ஓரம்கூட நனையவில்லை. ஷூவில் சேறு ஒட்டியதற்கே சுள்ளியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, டிரஸ்டின் பத்தாம் ஆண்டு விழாவை டவுனில் ஒரு ஹாலில் வைத்தார்கள். படத்தில் பாடையில் இருப்பவரின் மகளை மேடையேற்ற வேண்டும் என்று சார் எனக்குப் போன் செய்தார். வரச் சொல்லுங்கள், ரொம்ப டிரஸ் பண்ணிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். முதல் பாதியை மட்டும் நான் ராக்கம்மாவிடம் சொன்னேன். அவள் மாம்பழ நிறத்தில் பட்டு மாதிரி மினுங்குகிற புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். சார் அவளை அடையாளம் தெரியாமல் வேறு யாரையோ வரவேற்றார்.

மேடையின் பின்பக்கச் சுவர் முழுக்க அந்தப் படம். ராக்கம்மா அதை அவ்வளவு பெரிதாக முதல் தடவை பார்த்தாள். மைக்கைக் கொடுத்ததும் அவள் கூட்டத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்கப்பாவ மூணு மட்டம் தூக்க வச்சது சார்தான். வேற எனக்கு ஒண்ணும் தெரியாது."

ஹாலில் கைதட்டல் எழுந்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரம்மா என்ன சொன்னாள் என்று கேட்க, சார் மைக்கை வாங்கி இங்கிலீஷில் சொன்னார்: என் தந்தையைக் கைதூக்கிவிட்டவர் இவர்தான் என்கிறார். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி கைதட்டினார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து, அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் தெரியும்.

விழா முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அவளுக்குப் போட்ட சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த ஆளைப் பற்றி அதுவரை வெளியே சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னேன். காப்பி குடிக்காதது, தான் எடுத்த படங்களுக்குக் கீழே காலனிப் பெண்களின் பெயரைப் போட்டது, எல்லாம். உனக்கு அந்த மனுஷன்மேல் ஆத்திரமே வரவில்லையா என்று கேட்டேன்.

ராக்கம்மா நடந்துகொண்டே சொன்னாள். "அவரு மேல என்னத்துக்கு டீச்சர் ஆத்திரம்? அவரு யாரு எங்களுக்கு? அன்னைக்கு அவரு வந்து சொல்லியிருந்தா நாங்க திரும்பியிருப்பமா? நீங்க சொன்னீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அண்ணன நானே கூப்ட்டேன்."

குரலில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. அவள் இடித்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் ஒரு சீட்டைப் பிடித்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டு, வெளியே தலையை நீட்டினாள்.

"ஏறுங்க டீச்சர். இடம் போட்டிருக்கேன்."

நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்றேன்.